கெட்டுப்போன ஒயினில் ஒரு மட்டன் குழம்பு

கெட்டுப்போன பொருளைப் படிக்காதவன் கீழே கொட்டுவான். படித்தவன், அதை என்ன செய்யலாம் என்று இணையத்தில் தேடுவான். நான் படித்தவன். தோல் தொழில்நுட்பத்தில் பட்டம் வாங்கி, ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கெமிஸ்டாக இருப்பவன். என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்ததற்கு அந்தப் படிப்பே முழுமுதல் காரணம்.

கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவது எங்கள் வீட்டில் அம்மாவின் வேலை. கறுப்புத் திராட்சை, சர்க்கரை, கொஞ்சம் ஈஸ்ட், ஒரு ஜாடி, வாயைக் கட்ட ஒரு துணி, அவ்வளவுதான். அந்த வருடம், ‘ஒரு கெமிஸ்ட் வீட்டில் இருக்கும்போது உனக்கு எதற்குச் சிரமம்’ என்று ஜாடியைப் பிடுங்கிக்கொண்டேன். தோலும் கொட்டையும் எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு நல்லது என்று வடிகட்டுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். (யார் சொன்னது? நான்தான்.) திறந்து பார்த்தால் மேலே வெள்ளையாக ஓர் ஆடை. ஒரு வாய் குடித்தேன். புளிப்பு காதுவரை ஏறியது, நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

“முருங்க மரத்துக்கு ஊத்திடுடா. மரம் பட்டுப்போனாலும் பரவால்ல” என்றார் அம்மா.

பண்டிகைக்கு மறுநாள் பியூலா வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. பியூலாவை எனக்கு சர்ச் பாடகர் குழுவிலேயே தெரியும், பிடிக்கும். அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. (காரணம் இன்றுவரை தெரியவில்லை.) அவளுடைய அப்பா ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் அவர். எதையும் லேசில் பாஸ் பண்ணமாட்டார் என்று அவளே எச்சரித்திருந்தாள். அவரை அசத்த நானே சமைப்பதென்று முடிவு செய்தேன். ஆம்பூர்க்காரருக்குப் பிரியாணி செய்து போடும் அளவுக்குப் புத்தி கெட்டுவிடவில்லை. ஒயின்தான் கெட்டிருந்தது. ஆகவே அந்த ஒயினில் மட்டன் குழம்பு.

இணையத்தில் ஒருவர், குடிக்க முடியாத ஒயினைச் சமையலிலும் சேர்க்காதே என்று எழுதியிருந்தார். இன்னொருவர், கொதிக்கவைத்தால் எல்லாக் குறையும் பறந்துவிடும் என்றார். முதலாமவர் விவரம் தெரியாதவர் என்று உடனே புரிந்துகொண்டேன். என் தொழில் வேறு துணைக்கு வந்தது. கம்பெனியில் தோலை உப்பிலும் அமிலத்திலும் ஊறவைப்போம், இளகிக் கொடுக்கும். கறி மட்டும் கொடுக்காதா என்ன? முதல் நாளே மட்டனில் உப்பைப் போட்டு, ஒயினைத் தாராளமாக ஊற்றி மூடி வைத்தேன். அதற்கு அடுத்த கட்டத்தில், துவர்ப்பான மரப்பட்டைச் சாற்றில் போட்டால் அதே தோல் ஜென்மத்துக்கும் கிழியாது என்பதையும், திராட்சைக் கொட்டையில் இருப்பது அதே துவர்ப்புதான் என்பதையும் பட்டம் வாங்கியவன் மறந்துபோனேன்.

குழம்பு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் பறந்தது. புளிப்பும் நாற்றமும் சொந்த வீடுபோல உட்கார்ந்துகொண்டன. நிறம், மழையில் நனைந்த கத்தரிக்காய் நிறம். குக்கரில் விசில் விசிலாக விட்டும் மட்டன் மசியவில்லை. புளிப்பை அடக்கச் சர்க்கரை போட்டேன். அதோடு அது குழம்பு என்று சொல்லிக்கொள்ளும் தகுதியையும் இழந்தது.

ஜெபம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். பியூலாவின் அப்பா ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். மார்கழிப் பனியைப் பற்றி அம்மா பேசி முடிக்கும்வரை மென்றார். பியூலா தன் துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு அப்பளத்தோடு சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா துணிந்து, “அப்போ தேதி குறிச்சிடலாமாங்க?” என்று கேட்டுவிட்டார்.

அவர் கையை மட்டும் உயர்த்தினார். வாயைத் திறக்க வழியில்லை. எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவருடைய தாடையையே பார்த்தோம். ஒரு துண்டு மட்டனால் பியூலாவை இழக்கப்போகிறேனே என்று நிஜமாகவே பயந்தேன்.

கடைசியில் கர்ச்சீப்பை எடுத்து, அந்தத் துண்டை அதில் வாங்கி, விரலால் மடக்கிப் பார்த்தார். அது திரும்ப நிமிர்ந்தது.

“இன்னா தம்பி ஊத்தின இதுல?”

பொய் சொல்லத் தெம்பில்லை. புளித்த ஒயின், உப்பு, கம்பெனியில் தோலை ஊறவைக்கும் கணக்கு என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பியூலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதை அவரும் பார்த்தார்.

“பையன் தோல் வேலையில கெட்டிக்காரன்னு சொன்னாங்க. நான் நம்பல” என்றார் நிதானமாக. “இப்ப நம்புறேன். தேதி குறிங்க. ஆனா கல்யாண சாப்பாடு எங்க பொறுப்பு. மாப்ள அந்தப் பக்கமே வரக்கூடாது.”

மீதி ஒயினை முருங்கைக்கு ஊற்றினேன். மரம் பிழைத்துக்கொண்டது. நான்தான் இன்னும் பிழைக்கவில்லை. போன மாதம் வந்த மாமனார், வாசலில் செருப்பைக் கழற்றித் தேய்ந்துபோன அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு கேட்டார்:

“மாப்ள, அரை கிலோ மட்டன் வாங்கினு வரட்டா? ரெண்டு காலுக்கும் போதுமா?”