காட்டுக்குள் ஒரு மைல்கல்

“ரோடு இல்லாத ஊர்ல பொண்ணு எடுக்க மாட்டோம்” என்று, பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் அப்பா திருவாடானை இருளாண்டி சொல்லியனுப்பியதிலிருந்து, பஞ்சாயத்துத் தலைவர் வீரபத்திரனுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் சேதுலட்சுமிக்கு வந்திருந்தது நல்ல இடம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார்.

ஊருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் காப்புக்காடு. உடைமரமும் முள்ளும் மண்டிய ஒற்றையடிப் பாதை. பதவிக்கு வந்த நாலு வருஷமாக, ரோடு கேட்டு வந்தவர்களையெல்லாம் வீரபத்திரன் ஒரே பதிலில் திருப்பி அனுப்பியிருந்தார்.

“எண்பதாம் வருஷமே டெல்லியில காட்டுச் சட்டம் போட்டுட்டாக. காட்டுக்குள்ள புதுசா ரோடு போட டெல்லிதான் ஒத்துக்கணும். நான் என்னத்தச் செய்ய?”

சம்பந்தியிடம் இந்தப் பதில் செல்லுபடியாகவில்லை.

கிளார்க் கூத்தையாதான் வழி சொன்னார். “புதுசுக்குத்தான தலைவரே தடை? எண்பதுக்கு முன்னாடியே ரோடு இருந்துச்சுன்னா செப்பனிடலாம்ல? நமக்கு வேண்டியது ஒரு அத்தாட்சி.”

இருவரும் சேர்ந்து பாதையோரம் ஒரு கல்லை நட்டார்கள். ராமேசுவரம் நெடுஞ்சாலையில் பார்த்தபடியே உச்சிக்கு மஞ்சள், கீழே வெள்ளை, நடுவில் ‘திருவாடானை 9’. பழசாகத் தெரியட்டும் என்று சாணித் தண்ணீரையும் தெளித்தார்கள். அதில் காயாத எழுத்து அழிந்துபோனதை இருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் விறகு பொறுக்கப் போன ராக்கு, கட்டைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடி வந்தாள்.

“காட்டுக்குள்ள சாமி மொளைச்சிருக்கு! மஞ்சக்காப்போட நிக்கிது!”

வெள்ளிக்கிழமைக்குள் கல் சிவப்புச் சேலை கட்டி, எலுமிச்சை மாலை போட்டுக்கொண்டது. பதறிப்போன வீரபத்திரன், ஆளில்லாத உச்சிவெயிலில் போய் அதைப் பிடுங்கப் பார்த்தார். இடுப்புதான் பிடித்துக்கொண்டது. கல்லைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டவரை ராக்கு பார்த்துவிட்டாள்.

“மக கல்யாணத்துக்குத் தலைவரு அழுது வேண்டிக்கிறாக! பொங்கலும் கிடாயும் அவுக நேர்த்திக்கடனாம்!”

பொங்கல் புகை காட்டுக்கு மேல் எழும்பவும், ரேஞ்சர் அப்துல் ஹமீது ஜீப்பில் வந்து இறங்கினார்.

“காப்புக்காட்டுல புதுசா கோயில் கட்டுறதும் எண்பதாம் வருஷச் சட்டப்படி குத்தம். யாரு நட்ட கல்லு இது?”

“புதுசா?” ராக்கு சேலையை இழுத்துச் செருகினாள். “எங்க பாட்டன் காலத்துச் சாமிய்யா! அப்பவே இந்த வழியா வண்டி கட்டிப் போயிருக்கோம்.”

ரேஞ்சர் கல்லை விரலால் தேய்த்தார். வெள்ளைப் பெயின்ட் ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் வீரபத்திரனைப் பார்த்தார். வீரபத்திரன் வானத்தைப் பார்த்தார்.

“வண்டி போனது மட்டும் நெசம்” என்றார் ரேஞ்சர். “எங்க ஆபீசுப் பழைய வரைபடத்துல இந்த வண்டிப்பாதை இருக்கு. மரம் வெட்டாம, அகலப்படுத்தாம சீர் பண்ணிக்க அனுமதி கெடைக்கும். அதுக்கு எதுக்குத் தலைவரே மைல்கல்லு? ஒரு மனு போதுமே! நாலு வருஷமா உங்க ஊர்லருந்து ஒரு கடுதாசிகூட வரலையே?”

ஊரே தலைவரைத் திரும்பிப் பார்த்தது. ஜீப்பின் மேலேயே காகிதத்தை வைத்து அவர் மனு எழுதினார். இடுப்பு வலியில் கையெழுத்து கோணிக்கொண்டு போனது.

ஆறு மாதத்தில் கப்பி ரோடு வந்தது, சாமிக்கு மட்டும் கொஞ்சம் ஒதுங்கி வளைந்து. நிச்சயதார்த்தத்துக்கு இருளாண்டியின் கார் நேரே வாசலில் வந்து நின்றது.

வீரபத்திரன் நெஞ்சை நிமிர்த்தினார். “பாத்தீகளா சம்பந்தி? நீங்க கேட்ட ரோடு!”

இருளாண்டி செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “நான் எங்க கேட்டேன்? பொண்ணு பாக்க வந்தன்னைக்கே உங்க மகதான் எங்க வீட்டம்மா காதுல சொல்லிருச்சு, ‘ஊரு கேட்டா எங்க அய்யா அசைய மாட்டாக, நீங்க கேட்டுப் பாருங்க’ன்னு.”