முடியுமா பாய் கேட்ட கேள்வி

ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு திருநெல்வேலியையே திருதிருவென்று முழிக்க வைத்த மனுஷர் ஒருத்தர் உண்டென்றால், அது எங்கள் பாளையங்கோட்டைக் காலனி முக்கில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் முடியுமா பாய்தான். வக்கீல், வாத்தியார், ஓட்டுக் கேட்டு வந்தவர் என்று அவரிடம் மாட்டாத ஆள் கிடையாது. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் முடியுமா பாய்.

கேள்வி இதுதான். "நம்ம நாட்டுல எங்க ஆளு ஒருத்தன் பிரதமரா வர முடியுமா வே?"

கோபமாகக் கேட்டால் சண்டை போடலாம். அழுதுகொண்டு கேட்டால் ஆறுதல் சொல்லலாம். இவரோ சாயங்காலம் மழை வருமா என்கிற தொனியில் கேட்பார். அதுவும் எப்போது? நம் மோவாயைக் கண் பரிசோதிக்கிற மிஷினில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டச் சொன்ன பிறகு. எழுந்து ஓடவும் வழியில்லை, தலையை ஆட்டித் தப்பிக்கவும் வழியில்லை. ஆட்டினால் பவர் தப்பாகிவிடும்.

முதல் தடவை மாட்டியபோது, பத்திரிகையில் எழுதுகிற திமிர் எனக்கு. சட்டத்தில் தடையே இல்லை, சிறுபான்மையில் பிறந்தவர்கள் ஜனாதிபதியாக இருந்திருக்கிறார்கள், பிரதமராகவே இருந்திருக்கிறார்கள் என்று மிஷினுக்குள்ளேயே பிரசங்கம் செய்தேன். பாய் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"சட்டத்துல தடையில்லன்னு எனக்கும் தெரியும் வே. உம்ம பதிலை நான் பாக்கல. பதிலுக்கு முன்னால ஒரு மூச்சு விட்டீருல்லா, அதைத்தான் பாத்தேன்."

விட்டேனா என்ன? யோசித்துப் பார்த்தால், விட்டுத்தான் இருக்கிறேன்.

இதுதான் பாயின் ஆராய்ச்சி. முடியும் என்கிறவன், முடியாது என்கிறவன் எல்லோரும் அவருக்கு ஒன்றுதான். வாயைத் திறக்குமுன் எவ்வளவு நேரம் எடுக்கிறான் என்பதில்தான் அவர் கண். எதிர்வீட்டுக்காரர் மகன் கலெக்டராக முடியுமா என்று கேட்டால் யாராவது மூச்சு விடுகிறானா, படித்தால் ஆவான் என்று டக்கென்று சொல்கிறான் அல்லவா, அந்த வேகத்தில் என்றைக்கு இதற்கும் பதில் வருகிறதோ அன்றைக்கு முடியும் என்பது அவர் கணக்கு.

ஒரு தேர்தலில் வேட்பாளர் கும்பிட்ட கையோடு கடைக்குள் நுழைந்துவிட்டார். பாய் கேள்வியைப் போட்டார். வேட்பாளர் சிரித்தார், பாயைக் கட்டிப்பிடித்தார், பொன்னாடை போர்த்தினார், போட்டோ எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். இவ்வளவு நீள மூச்சைத் தான் பார்த்ததே இல்லை என்று பாய் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பொன்னாடை இப்போது கடையில் மேஜை துடைக்கிறது.

இன்னொரு தடவை, எங்கேயோ ஒரு வெளிநாட்டில் நம் வம்சாவளிக்காரர் ஒருவர் பெரிய பதவிக்கு வந்துவிட்டார் என்று டீக்கடையில் ஒரே கொண்டாட்டம். பாய்க்கும் உண்மையாகவே சந்தோஷம், எல்லோருக்கும் டீ சொன்னார். டீ வந்ததும், அங்கன அந்த ஆள் சிறுபான்மைதானே, அங்கன முடிஞ்சிருக்கு, இங்கன முடியுமா என்றார். அவ்வளவு பேரும் டீயை ஊதிக்கொண்டே இருந்தார்கள். ஆறிப்போன பிறகும் ஊதினார்கள்.

சொந்த ஆட்களையும் விட்டுவைத்தாரா? மேலப்பாளையத்தில் அவர் ஜமாஅத் கூட்டத்துக்குப் போய், நம்ம கமிட்டிக்கு ஒரு பொம்பளை தலைவரா வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். அங்கே விட்ட மூச்சுக்கு ஃபேனே தேவைப்படவில்லையாம். வடை கொடுத்து பைய வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதையும் என்னிடம் வந்து அதே உற்சாகத்தோடுதான் சொன்னார்.

பிரதமர் கதை கிடக்கட்டும். எங்கள் காலனி நலச் சங்கத்துக்குப் பாய் நிரந்தரத் துணைத் தலைவர். தலைவர் எச்.எம். சார், ரிட்டயர்டு தலைமையாசிரியர். தாமிரபரணி கூப்பிடு தூரத்தில் ஓடினாலும் எங்கள் குழாயில் காற்றுதான் வரும். வால்வு திறக்கிறவரைப் பிடிப்பது, ஆபீசில் போய் நிற்பது, மோட்டாருக்கு மெக்கானிக்கை இழுத்து வருவது எல்லாம் பாய். எச்.எம். சார் வர லேட்டானால் கூட்டத்தைத் தொடங்கி வைப்பதும் பாய். தலைவர் நாற்காலியில் அப்படி ஒரு நிமிர்வாக உட்கார்வார். வாசலில் சாரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் முகம் சுருங்கிவிடும். அவருக்கு அந்த நாற்காலி மேல் ஆசை இருந்தது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

ஏன் கொடுக்கவில்லை என்றால், பரிவட்டம். காலனிப் பூங்காவில் சங்கமே கட்டிய பிள்ளையார் கோயில் இருக்கிறது. சதுர்த்தியன்று சங்கத் தலைவர் தலையில்தான் பட்டுத்துணி கட்டி முதல் மரியாதை. அதைப் பாய் தலையில் எப்படிக் கட்டுவது? யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் எச்.எம். சார் பெயரையே சொல்லிவிட்டு டிபன் சாப்பிடப் போய்விடுவோம்.

அந்த எச்.எம். சார் மகள் வீட்டோடு இருக்கப் பெங்களூர் கிளம்பினார். பூங்காவில் கூட்டம். அடுத்த தலைவர் யார் என்று சார் கேட்டதும் நான் எழுந்து பாய் பெயரைச் சொன்னேன். அத்தனை பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். பாய் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் ஒருவர், பாய் தங்கமான மனுஷன்தான், ஆனா பரிவட்டம் என்று இழுத்தார்.

கோயிலைப் பூட்டிக்கொண்டிருந்த குருக்கள் சாவியோடு திரும்பினார்.

"பரிவட்டத்தை வயசுல மூத்தவா யார் தலையிலயாவது கட்டிடறேன், அது என் பாடு. குழாயில தண்ணி வரலேன்னா பிள்ளையாரை எதுல குளிப்பாட்டறது? அதுக்கு இவரை விட்டா உங்கள்ல யார் இருக்கா?"

சிரிப்பு கிளம்பியது. பிறகு கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. எச்.எம். சார் திரும்பி, "பாய், தலைவர் பொறுப்பை ஏத்துக்கிட உங்களால முடியுமா?" என்று கேட்டார்.

பாய் வாயைத் திறந்தார். மூடினார். ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், வேட்பாளர் எல்லாம் பிச்சை வாங்க வேண்டும். அப்புறம்தான் முடியும் என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது, உம்ம ஆராய்ச்சிப்படி நீரே தேறலையே என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"பயந்துட்டேன் வே. தண்ணி வராட்டி எச்.எம். சாரைத்தான் ஏசினாங்க, அவரோட போச்சு. நாளைக்கு என் காலத்துல வராட்டி, 'இவங்ககிட்ட குடுத்தா இப்படித்தான்'னுல்லா சொல்லுவாங்க? ஒரு காலனிக்கே நெஞ்சு இப்படி அடிக்கு. நாட்டுக்குன்னு நிக்கவனுக்கு எப்படி இருக்கும்?"

அதுவரைக்கும் அந்த மூச்சு எங்கள் பக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

போன கோடையில் மோட்டார் புகைந்துவிட்டது. நாலைந்து நாள் சொட்டுத் தண்ணி இல்லை. வாட்ஸ்அப் குழுவில் பாயைத் தாளித்துக் கொட்டிவிட்டார்கள். மனுஷன் ஒடிந்துபோயிருப்பாரே என்று கடைக்கு ஓடினேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

"மேலயும் கீழயும் தேடிட்டேன் வே, 'இவங்க'ன்னு ஒருத்தன் எழுதல. சோம்பேறிங்காவ, கிறுக்கன்ங்காவ, கண்ணாடி விக்கவனுக்கு மோட்டாரைப் பத்தி என்ன தெரியும்ங்காவ. எல்லாம் என்னையத்தான். என்னைய மட்டுந்தான் ஏசுதாவ."

அந்தச் சந்தோஷத்திலேயே என் மோவாயை மிஷினில் வைத்துப் பழைய கேள்வியைப் போட்டார். நானும் முடியும் என்று சொன்னேன். கொஞ்சம் தேறியிருக்கு, ஆனாலும் மூச்சு இருக்கு என்றார்.

இப்போதெல்லாம் காலையில் முகம் சவரம் செய்யும்போது, மூச்சு விடாமல் 'முடியும்' என்று சொல்லிப் பழகுகிறேன். அந்த மனுஷனுக்கு ஒரு தடவையாவது அப்படிச் சொல்லிவிட வேண்டும்.