தானாகக் கழற்றிக் கொடுத்த பெல்ட்

ஹால் ஜன்னலின் திரையை அக்கா இழுத்து மூடினாள். மனைவி வந்து திறந்தாள். அக்கா மறுபடி மூடினாள். நடுவில் காபி டம்ளரோடு நின்றிருந்த பெல்ட்காரரின் முகத்தில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி விழுந்தன.

"ராத்திரி முழுக்க வார்டுல நின்னுட்டு வந்திருக்கேன். மனுஷி தூங்க வேண்டாமா?" என்றாள் அக்கா, சோபாவில் தலையணையைத் தட்டிப் போட்டபடி.

"தாராளமாத் தூங்குங்க அண்ணி. யார் வேண்டாம்னா? ஆனா பட்டப்பகல்ல வீட்டை இருட்டடிச்சா நான் எப்படிக் கூட்டறது? தடவித் தடவியா?"

"வெளிச்சம் இருந்தா மட்டும் நீ கூட்டிக் கிழிச்சிருவியா? சோபாவுக்கு அடியில குனிஞ்சு பாரு."

பெல்ட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா நர்ஸ். இந்த ஊர் மருத்துவமனைக்கு மாற்றலாகி, தம்பி வீட்டோடு வந்து தங்கி நாலு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரு வார்த்தை தடித்துப் பேசி அவர் கேட்டதில்லை. இருவரும் கூட்டுச் சேர்ந்து அவரைத்தான் கேலி செய்வார்கள். அதுதான் வீட்டு வழக்கம்.

அவர் பேருந்து டிப்போவில் டியூட்டி கிளார்க். எந்த ஓட்டுநர் எந்த வண்டியை எடுப்பது என்று தீர்மானிப்பவர். அந்த வேலையைவிட அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது டி.வி.யில் வருகிற மல்யுத்தம். சாம்பியன்ஷிப் பெல்ட்டைப் போலவே ஒன்றை வரவழைத்து, சட்டைக்கு மேல் கட்டிக்கொண்டு ஒருநாள் வேலைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் பெல்ட்காரர்தான். சம்பளம் போடுகிறவரால்கூட அசல் பெயரை யோசித்துத்தான் சொல்ல முடியும்.

வீட்டில் ஹாலையும் படுக்கையறையையும் தவிர இன்னொரு அறை உண்டு. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் அரங்கம். சுவரெல்லாம் வீரர்களின் படங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த பெல்ட், எதிரே ஒரு டி.வி., ஒரே ஒரு நாற்காலி. அக்கா வந்த புதிதில், "அந்த ரூமை அண்ணிக்குக் குடுத்துடலாமே. பாவம், பகல்ல தூங்கறவங்க" என்று மனைவி கேட்டுப் பார்த்தாள்.

"அக்காவுக்கு சோபாதான் பழக்கம்" என்று சொல்லிவிட்டு அவர் அரங்கத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது திரைச் சண்டை வந்துவிட்டது. டிப்போவில் தினமும் நூறு பேரின் மல்லுக்கட்டைத் தீர்க்கிறவருக்கு இது ஒரு பெரிய காரியமா? டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"காலையில திரையை மூடி வைக்கலாம். மதியத்துக்கு மேல திறந்து வைக்கலாம். யாருக்கும் வெற்றி இல்லை, யாருக்கும் தோல்வி இல்லை."

"அப்ப காலையில நான் கூட்ட வேண்டாமா?" என்றாள் மனைவி.

"அப்ப மதியத்துக்கு மேல நான் தூங்க வேண்டாமா?" என்றாள் அக்கா.

இருவரும் அத்தோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அதாவது, ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்தினார்கள். அவரோடு பேசுவது இரண்டு மடங்காகிவிட்டது. "உங்க அக்காகிட்ட சொல்லுங்க, வெந்நீர் போட்டாச்சுன்னு." "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, எனக்கு வேண்டாம்னு." இருவரும் உட்கார்ந்திருப்பது என்னவோ ஒரே சாப்பாட்டு மேஜையில்.

அவர் டிப்போவுக்குப் போன பிறகும் இந்தத் தூது ஓயவில்லை. வெந்நீர் விஷயமாக ஒரு போன், சோப்பு விஷயமாக ஒரு போன். ஒரு காதில் மனைவியையும் இன்னொரு காதில் அக்காவையும் வைத்துக்கொண்டு அவர் டியூட்டி போட்டதில், ஒரே வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்கள் வந்து நின்றார்கள். பக்கத்து வண்டியில் பயணிகள் ஏறி உட்கார்ந்து, ஓட்ட ஆள் இல்லாமல் முழித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சார், இன்னைக்கு டேக் டீமா? ஜோடி ஜோடியா இறக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தார் மூத்த ஓட்டுநர்.

இவர் புயல் கட்சி. மல்யுத்தக் கம்பெனி ஒன்றுதான். ஆனால் இரண்டு அணிகள். திங்கட்கிழமை வருவது எரிமலை, வெள்ளிக்கிழமை வருவது புயல். தனித்தனி ஆட்கள், தனித்தனி சாம்பியன், தனித்தனி பெல்ட். பெல்ட்காரர் எரிமலைக்காக உயிரையும் விடுவார். டிப்போவில் டீ ஆறிப்போகிற வரைக்கும் இருவரும் இதைத்தான் பேசுவார்கள்.

"உங்க எரிமலையில மைக்கைப் பிடிச்சா விடமாட்டேங்கறான். பேசியே கொல்றான். எங்க புயல்ல ஏறினா அடி, இறங்கினா அடி."

"அடிக்கிறது யார் வேணா அடிக்கலாம். எதுக்கு அடிக்கிறான்னு பார்க்கறவனுக்கு உறைக்கணும்ல? அதுக்குப் பேர்தான் கதை. இன்னையிலேருந்து மூணாவது ஞாயித்துக்கிழமை ஸ்பெஷல் மேட்ச் பாருங்க. எங்க கோபுரமும் தபால்காரனும் மோதறாங்க."

கோபுரம் என்பவன் மூன்று வருஷமாக எரிமலையின் சாம்பியன். நிஜமாகவே கோபுரம் மாதிரிதான் இருப்பான். தபால்காரன் பதினெட்டு வருஷமாகத் தோற்றுக்கொண்டே இருப்பவன். பெல்ட்காரருக்குத் தெய்வம் தபால்காரன்தான்.

"கோபுரத்தைத் தோக்க வெச்சா பெல்ட்டுக்கே மதிப்புப் போயிரும்" என்றார் ஓட்டுநர். "தபால்காரன் யார்கிட்ட ஜெயிச்சிருக்கான்?"

"யாரையெல்லாம் ஜெயிக்க வெச்சிருக்கான்னு கேளுங்க. இன்னைக்குப் பெரிய ஆளா இருக்கற அத்தனை பேரும் அவனை அடிச்சுத்தான் பெரிய ஆளானாங்க. அவன் விழற அழகைப் பார்த்தா, அடிச்சவனுக்கே தன் கை மேல ஒரு மரியாதை வந்துரும்." இதைச் சொல்லும்போது பெல்ட்காரர் எழுந்தே நின்றுவிட்டார். எப்போது சொன்னாலும் எழுந்து நிற்பார்.

வீட்டுச் சங்கதியைக் கேட்டதும் ஓட்டுநர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இது தெரியாதா சார்? ரெண்டு எதிரியை ஒண்ணு சேர்க்கணும்னா நடுவுல ஒரு பொது வில்லன் வேணும். புயல்ல வருஷா வருஷம் பண்றாங்களே. நீங்க வில்லனாயிடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து உங்க மேல பாய்வாங்க. பிரச்சினை தீர்ந்துச்சு."

புயல் கட்சிக்காரரிடம் யோசனை கேட்கும் நிலைமை வந்ததே என்று பெல்ட்காரர் நொந்துகொண்டார். ஆனாலும் யோசனை நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் சாப்பிட உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"இந்தக் காபியைக் குடிக்கிறதுக்கு வெந்நீரையே குடிக்கலாம். அப்புறம், அக்கா விடற குறட்டையில ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடுது."

பிறகு கையைக் கட்டிக்கொண்டு, இருவரும் சேர்ந்து பாய்வதற்காகக் காத்திருந்தார்.

மனைவி அக்காவைப் பார்த்தாள். "என் காபியைப் பத்தி அவரா பேச மாட்டாரு. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

அக்கா மனைவியைப் பார்த்தாள். "என் தம்பி வாயில என் குறட்டை வராது. யாரோ ஓதியிருக்காங்க."

"ஐயையோ, யாரும் ஓதலை. நானாத்தான் சொன்னேன்."

"பாருங்க, எப்படிப் பயந்துபோய் மறைக்கிறாரு" என்றாள் மனைவி, சுவரைப் பார்த்து.

மூன்றாவது வாரம் அக்கா அலமாரியிலிருந்து தன் பையை எடுத்து வெளியே வைத்தாள்.

"நர்ஸுங்க தங்கற ஹாஸ்டல்ல ஒரு கட்டில் காலியா இருக்காம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளம்பறேன். அங்கே நாலு பேரோட ஒரு ரூம்தான். பரவாயில்லை. எனக்கென்ன, கண்ணை மூட ஒரு இடம். அது போதும்."

அம்மா இல்லாத வீட்டில் பெல்ட்காரருக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அக்கா. பக்கத்து வீட்டு டி.வி.யில் மல்யுத்தம் ஓடும்போது, அவரைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஜன்னலோரம் நின்றவளும் அவள்தான். "முடிஞ்சுதாடா? தோள் வலிக்குதுடா" என்பாள். "இன்னும் ஒரே ஒரு அடிக்கா" என்பார் இவர். அப்படிப்பட்டவளை நாலு பேர் அறைக்கு அனுப்பிவிட்டு இவர் என்னத்தைப் பார்த்து ரசிப்பது? மனைவியிடம் போய்க் கெஞ்சினார்.

"நீ ஒரு வார்த்தை போகாதீங்கன்னு சொல்லேம்மா."

"நான் ஏங்க சொல்லணும்? என்னாலயா போறாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் பாத்திரத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவின் பை வாசல் கதவருகே நின்றது. அவள் சோபாவில் உட்கார்ந்து நிதானமாக நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். "நீ போய் உன் மேட்சைப் பாருடா. முடிஞ்சதும் சொல்லிட்டுக் கிளம்பறேன்" என்றாள். அதுவும் அவர் மனதை அறுத்தது.

அரங்கத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்தார். கோபுரம் தூக்கி எறிய எறியத் தபால்காரன் எழுந்து வந்தான். பதினெட்டு வருஷம் விழுந்து பழகிய உடம்பு அன்றைக்கு விழ மறுத்தது. கடைசியில் கோபுரம் சாய்ந்தான். நடுவர் மூன்று வரை எண்ணினார். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது.

பெல்ட்காரரை உலுக்கியது அதற்குப் பிறகு நடந்ததுதான். தோற்ற கோபுரம் மெல்ல எழுந்தான். நடுவர் கையிலிருந்த பெல்ட்டை வாங்கினான். தபால்காரன் முன்னால் முட்டி போட்டு, தானே அவன் இடுப்பில் கட்டிவிட்டான். மூன்று வருஷம் சாம்பியனாக இருந்ததை எல்லாம்விட அந்த ஒரு நொடியில் அவன் பெரியவனாகத் தெரிந்தான். எழுதினவன் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம் என்று பெல்ட்காரர் வாய்விட்டே சொன்னார்.

பெல்ட் இப்படித்தான் கை மாற வேண்டும் என்று ஒரு மாதம் முன்பு சாப்பாட்டு மேஜையில் அவரும் சொல்லியிருந்தார். யார் யாரோடு மோதுவது, யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே எழுதி வைப்பதற்கு புக்கிங் என்று பெயர். "எல்லாம் நாடகம்னு தெரிஞ்சும் பார்க்கறீங்களே" என்று மனைவி கேட்டதற்கு அவர் அரைமணி நேரம் விளக்கம் கொடுத்தார். "நாடகம்தான். ஆனா பெல்ட்டைப் பிடுங்கினா அது வெறும் சண்டை. வெச்சிருக்கறவனே மனசு வந்து கழற்றிக் குடுக்கணும். தன்னை யாரோ குடுக்க வெச்சாங்கன்னு அவனுக்கே தெரியக் கூடாது. அதுதான் புக்கிங்." மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா மட்டும், "இதுக்கெல்லாம் எவ்வளவு நாள் ஆகும்டா?" என்று கேட்டாள். ஒருத்தியாவது காது கொடுத்துக் கேட்கிறாளே என்று அவருக்குச் சந்தோஷம். "மூணு வாரம்கா. அதுக்கு மேல இழுத்தா சலிச்சுப்போயிரும்."

மேட்ச் முடிந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அரங்கத்தின் கதவிலிருந்து சாவியை உருவினார். நேராக ஹாலுக்குப் போய், அக்காவின் முன்னால் முட்டி போட்டு, அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இனிமே அது உன் ரூம்கா. முதல் நாளே குடுத்திருக்கணும். நீ எங்கேயும் போக வேண்டாம்."

அக்கா சாவியைப் பார்த்தாள். அவள் கண் நிஜமாகவே கலங்கியது. "உன் அரங்கம்டா" என்றாள்.

"போகட்டும்கா. என்னை நீ தோள்ல தூக்கி வெச்சியே."

சமையலறையிலிருந்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் இருந்த பையைத் தூக்கினாள். "உள்ளே வைக்கட்டுமா அண்ணி?" "வைம்மா, வெயிட்டா இருக்கும், பார்த்து." அவ்வளவுதான். மூன்று வாரப் பகை அதோடு காற்றில் கரைந்துபோனது. மூவருமாகச் சேர்ந்து படங்களைக் கழற்றினார்கள். கண்ணாடிப் பெட்டி படுக்கையறைக்குப் போனது. பெல்ட்காரருக்கு ஒரு சுற்றுப் பெருத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரே ஒரு சாவியால் ஒரு குடும்பத்தையே சேர்த்துவைத்துவிட்டாரே, சும்மாவா?

மறுநாள் காலை அவர் டிப்போவுக்குக் கிளம்பும் நேரம், வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. தச்சர் ஒருவர் இறங்கி, புத்தம் புதுக் கட்டில் ஒன்றை உதவியாளோடு சேர்ந்து பிடித்து உள்ளே கொண்டுவந்தார். முன்னாள் அரங்கத்தில், ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே, அது அளந்து செய்தாற்போல் கச்சிதமாக உட்கார்ந்தது.

பெல்ட்காரர் சுற்றி வந்து பார்த்தார். நேற்றைய பெருமை இன்னும் இறங்கவில்லை. "நல்ல வேலைங்க. ஆனா பாருங்க, இந்த ரூமைக் குடுக்கறதா நான் முடிவு பண்ணதே நேத்துச் சாயங்காலம்தான். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாம இருந்துச்சு. நான்தான் சேர்த்துவெச்சேன். அதுக்குள்ள எப்படி ஒரே ராத்திரியில கட்டில் செஞ்சீங்க?"

தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கட்டிலின் மூலையில் ஒரு கோடு போட்டுக்கொண்டே சொன்னார்:

"ஒரு மாசம் முன்னாடியே உங்க வீட்டம்மாவும் அக்காவும் சேர்ந்து வந்து அளவு குடுத்துட்டாங்களே சார், திரையை மூடறது யாரு திறக்கறது யாருன்னு சிரிச்சுச் சிரிச்சு ஒத்திகை பார்த்ததே என் பட்டறையிலதான்."