கோட்டை வாசலில் குடைவீரன்

இஸ்திரிப் பெட்டிக்கு வேறு இடமா கிடைக்கவில்லை, போயும் போயும் அந்த வீடியோ கேம் பிளக்கையா பிடுங்குவாய் என்று அவள் மனசுக்குள் தன்னையே காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தாள். டிவியில் சில நாளாகக் கோட்டை வாசலில் அசையாமல் நின்ற குடைவீரனைக் காணவில்லை.

கணவன் சிறுவயதில் விழுந்து விழுந்து படித்த ஜப்பானியப் படக்கதையின் நாயகன்தான் குடைவீரன். அதை வைத்து அந்தக் காலத்தில் வந்த வீடியோ கேம் இது. தாவ ஒரு பட்டன், குடையால் அடிக்க ஒரு பட்டன். பாதியில் அணைந்தால் மறுபடி முதலிலிருந்துதான். ஞாயிற்றுக்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது குடைவீரன் கடைசிக் கோட்டையை எட்டியிருந்தான். "எப்படி?" என்றான் கணவன், காலரைத் தூக்கிவிட்டபடி. இன்று மாலை ஆபீஸ் நண்பர்கள் முன்னால் உள்ளே நுழைந்து புயலரசனை வீழ்த்துவதாக ஏற்பாடு.

அவனுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு அதிகமில்லை. அதுதான் அவளை உறுத்தியது. அவன் வருவதற்குள் தானே விளையாடிக் கோட்டை வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டால்?

வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் போன் போட்டு, வயிற்றுவலி என்றாள். ஒரு கை பட்டனில் இருந்தது. குடைவீரன் சேற்றில் விழுந்தான்.

"ஐயோ, செத்தேன்," என்றாள்.

முதலாளி பதறிப்போய் மாத்திரையும் கையுமாக மனைவியை அனுப்பிவைத்தார். அந்த அம்மாள் இவளைப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டு, தன் பிரசவக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். டிவியில் குடைவீரன் கேட்பாரற்றுச் செத்துக்கொண்டிருந்தான்.

அந்த அம்மாள் கிளம்பியதும் மறுபடி ஆரம்பித்தாள். விழுந்தாள், கடிபட்டாள், எரிந்தாள். மத்தியானத்துக்கு மேல் கை தானாக ஓடத் தொடங்கியது. ஓடிய வேகத்தில் கோட்டைக்குள்ளேயே பாய்ந்துவிட்டாள். சுதாரிப்பதற்குள் புயலரசன் செத்து விழ, திரையில் பூமாரி பெய்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ராஜ்ஜியத்தை மீட்டிருக்கிறாள். யாரிடமும் மூச்சுவிட முடியாது.

அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வந்தாள். இம்முறை கோட்டை வாசலில் சரியாக நிறுத்தினாள். கட்டைவிரல்கள் வீங்கியிருந்தன.

கணவன் நண்பர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, தான் மட்டும் உள்ளே வந்தான். டிவியைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போனது. கதவைச் சாத்திவிட்டு அவள் காதருகே குனிந்தான்.

"ஒரு உதவி பண்ணும்மா. இதை அணைச்சிட்டு, நீ தெரியாம அணைச்சிட்டதா அவங்ககிட்ட சொல்லிடு. அன்னிக்கு இது வரைக்கும் விளையாடினது நான் இல்ல, ஊருக்குப் போற வழியில வந்துட்டுப் போன என் தம்பி. எனக்கு முதல் கட்டமே தாண்ட வராது."

அவள் வீங்கிய கட்டைவிரல்களைத் தடவிக்கொண்டாள்.

"அது மட்டும் என்னால முடியாதுங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நண்பர்களுக்குக் கதவைத் திறக்கப் போனாள்.