லென்ஸ் அண்ணையின் வெள்ளி டொலர்

ஸ்காபரோவில் இத்தனை ஆயிரம் தமிழர் இருக்கிறோம். வடையை வாயில் வைப்பதற்கு முன்னால் கண்ணில் வைத்துப் பார்த்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் கட்டடத்து ஒன்பதாம் மாடி லென்ஸ் அண்ணை. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. கீழே தபால்பெட்டியில்கூட எழுதியிருந்தார்கள். நான் ஒருநாளும் வாசித்துப் பார்க்கவில்லை.

மற்றவர்கள் சங்கிலி போடுகிற கழுத்தில் அவர் ஒரு கறுப்புக் கயிறு போட்டிருப்பார். அதில் நகைக்கடைக்காரர் கண்ணில் செருகிப் பார்க்கும் சின்ன லென்ஸ் தொங்கும். மிசிசாகாவில் கார்ச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எங்கள் இருவருக்கும் வேலை. நான் பெட்டி கட்டுவேன், அவர் கீறல் பார்ப்பார். எட்டு மணித்தியாலம் கீறல் பார்த்துச் சம்பளம் வாங்குகிற மனிதர் வீட்டுக்கு வந்தும் கீறல் பார்த்தால் குற்றம் சொல்லலாமா? நாங்கள் எல்லோரும் சொன்னோம். அவர் கேட்கவில்லை.

எதைக் கண்டாலும் புள்ளி போடுவார். அதுவும் நூற்றுக்கு அல்ல, எழுபதுக்கு. பழைய நாணயங்களுக்குத் தரம் போடுகிறவர்களின் கணக்கு அதுவாம், எழுபது என்றால் குறையே இல்லாதது. என் கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்கு ஐம்பத்தெட்டு. கோயில் தேருக்கு அறுபத்திரண்டு. அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். அக்கா வைக்கும் தேங்காய்ப்பால் சொதிக்கு முப்பது வருஷமாக அறுபத்துநாலு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"மிச்சம் ஆறையும் எங்க அண்ணை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எழுபது எண்டு ஒண்டு உலகத்திலை இல்லைக் காணும். கிட்டப் பார்த்தா எல்லாத்திலையும் ஒரு கீறல் இருக்கும்."

வேலைக்கு என் காரில்தான் வருவார். ஒருமுறை 401 நெடுஞ்சாலையில் நான் லேன் மாறியபோது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உமக்கு அறுபத்தொண்டு" என்றார்.

"என்ரை ஓட்டத்துக்கோ அண்ணை?"

"இல்லை, மொத்தமா."

இப்படிப்பட்டவரிடம் ஒரு வெள்ளி டொலர் இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் கார் நிறுத்துமிடத்துக் கூண்டுக்குள் இருந்து காசு வாங்கும் வேலை பார்த்தாராம். ஒரு வெள்ளைக்காரக் கிழவி பழைய பெரிய டொலர் நாணயக் குற்றி ஒன்றை நீட்டியிருக்கிறா. இவர் தன் காசை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு அதைத் தான் எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் இரண்டு பேர் வள்ளம் வலிக்கிறார்கள். வள்ளத்தின் வலது முனைக்குக் கீழே மூன்று தண்ணீர்க்கோடு இருக்க வேண்டுமாம். இதில் ஒன்றரைதான் இருந்தது. அச்சடித்தவர்கள் விட்ட பிழை. பிழை என்பதால் விலை கூட. எங்கள் தொழிற்சாலையில் பிழை வந்தால் சுப்பவைசர் தொண்டை கிழியக் கத்துவான்.

அதை எனக்குக் காட்டிய நாளை மறக்க மாட்டேன். சோபாவில் இருத்தினார். வெள்ளைக் கையுறை போட்டார். மடியில் துவாய் விரித்தார்.

"இப்ப மூச்சைப் பிடியும்."

"என்னத்துக்கு அண்ணை?"

"ஈரக்காத்துப் படும்."

நான் திகைத்துப்போனேன். ஆனாலும் பிடித்தேன். ராணியின் முகத்தை முழுதாகப் பார்த்து முடிப்பதற்குள் எனக்குக் கண் இருட்டிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், அந்த டொலரைத் தரம் பார்க்கிற கொம்பனிக்கு அனுப்புவதா விடுவதா என்பது. அனுப்பினால் அவர்கள் பார்த்து ஒரு இலக்கம் போட்டு, திறக்கவே முடியாத பிளாஸ்ரிக் பெட்டிக்குள் அடைத்துத் தருவார்கள். அறுபத்தைந்து வந்தால் விலை எங்கேயோ போய்விடும். அறுபத்திரண்டு வந்தால் தரம் பார்க்கக் கட்டின காசு மிஞ்சினாலே புண்ணியம். ராணியின் கன்னத்தில் தலைமயிர் அளவில் ஒரு கோடு. அது அச்சிலேயே வந்ததா, பிறகு விழுந்த கீறலா? பதினொரு வருஷமாக, காலையில் என் காரில் ஏறி பெல்ட்டைப் போட்டதும் இதுதான் பேச்சு. ராணியின் கன்னத்தைப் பற்றி அவவுடைய வைத்தியருக்கே இவ்வளவு கவலை இருந்திருக்காது.

"அனுப்பிப் பாருங்கோவன் அண்ணை. தெரிஞ்சிடுமெல்லோ."

"அறுபத்திரண்டு எண்டு எழுதி வந்தா?"

"வந்தா என்ன?"

"பிறகு அது அறுபத்திரண்டுதானே காணும்."

ஊருக்கெல்லாம் புள்ளி போட்ட மனிதர், தன் பொருளுக்கு இன்னொருவர் புள்ளி போடுவதற்குப் பயந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் அவருடைய மகள் வயிற்றுப் பேத்திக்கு முதல் பல் முளைத்தது. எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? பல்லுக்கொழுக்கட்டை அவித்தார்கள். பிள்ளையை நடுவில் இருத்தித் தலையில் வெள்ளைத் துணி பிடித்துக் கொழுக்கட்டையைக் கொட்டினார்கள். பிறகு முன்னால் பித்தளைத் தட்டம் வந்தது. அதில் வைக்கிற சாமான்களில் பிள்ளை எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் எதிர்காலம். புத்தகம், பேனை, காப்பு எல்லாம் இருந்தன. தாய்க்காரி எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டெதஸ்கோப் ஒன்றும் வைத்தாள், அதுவும் பிள்ளையின் கைக்கு மிகக் கிட்ட.

அப்போது லென்ஸ் அண்ணை எழுந்து வந்தார். சேட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்துத் தட்டத்தில் வைத்தார். வெள்ளி டொலர். உறை இல்லை, கையுறை இல்லை. துணி சுற்றாத வெறும் டொலர்.

"அண்ணை, என்ன உது?"

"படிவம் நிரப்பிப் பையுக்கை வைச்சிருக்கிறன்," என்று என் காதுக்குள் சொன்னார். "பிள்ளை டொலரைத் தொட்டா நாளைக்கே அனுப்புறன். வேறை எதையும் தொட்டா இந்தக் கதையை விட்டிடுறன். என்னாலை ஏலாது. பிள்ளை சொல்லட்டும்."

பிள்ளை ஸ்டெதஸ்கோப்பைத் தள்ளிவிட்டது. தாய்க்காரியின் முகம் வாடியது. பிள்ளை புத்தகத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே போய் டொலரைப் பிடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணை கண்ணை மூடி, "அனுப்புறதுதான்," என்றார்.

அவர் கண்ணைத் திறப்பதற்குள் பிள்ளை டொலரால் தட்டத்தில் அடித்தது. டங். இன்னொரு டங். மூன்றாவது டங் என் முதுகெலும்புக்குள் கேட்டது. அதோடு நிற்கவில்லை. ராணியைத் தலைகீழாகப் பிடித்து வாய்க்குள் செருகி, இருந்த ஒரே பல்லால் கடித்தது.

மூச்சுப் பட்டாலே பழுதாகும் என்று என்னை மயங்க வைத்த டொலர், வீணீரும் கொழுக்கட்டைத் தேங்காய்ப்பூவுமாகப் பிள்ளையின் வாயில் இருந்தது. அண்ணைக்கு என்று அம்புலன்சைக் கூப்பிட நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

லென்ஸ் அண்ணை முழங்காலில் இருந்தார். பிள்ளையின் வாயிலிருந்து டொலரை மெல்ல எடுத்தார். அதைப் பார்க்காமலே பின்னால் நீட்டினார், அக்கா வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனா. அவர் லென்ஸைக் கண்ணில் செருகி, விரலால் பிள்ளையின் உதட்டை ஒதுக்கி, உள்ளே குனிந்தார்.

குசினியில் தண்ணீர் ஓடியது. கூடவே வேறொரு சத்தமும் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்கா சட்டி தேய்க்கிற கம்பியால் டொலரைத் தேய்த்துக்கொண்டு நின்றா.

"அக்கா, என்ன செய்யிறியள்?"

"எச்சில் தம்பி. அதோடை எத்தினை வருஷத்துக் கறுப்பு. இப்ப பாரும், புதுசு மாதிரி."

பளபளவென்றுதான் இருந்தது. ஒன்றரைத் தண்ணீர்க்கோட்டில் இனி அரைக் கோடு மிஞ்சினால் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். குசினி வாசலில் நின்று கத்தினேன்.

"அண்ணை, ஓடி வாங்கோ, டொலர்..."

"சத்தம் போடாதையும். பிள்ளை வாயை மூடிப்போடும்."

நீண்ட நேரம் பார்த்தார். லென்ஸைக் கழற்றியபோது கண் கலங்கியிருந்தது.

"ஒரு கீறல் இல்லை," என்றார். "எழுபது."

அக்கா ஈரக்கையில் டொலரோடு குசினி வாசலில் நின்றா. "எழுபதோ?" என்று கேட்டா. முப்பது வருஷச் சொதி முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது.

"எழுபதுக்கு எழுபது," என்றார் அண்ணை.

அனுப்பாத படிவத்தின் பின்பக்கத்தில் பிள்ளை பிறகு பேனையால் கிறுக்கியது. டொலர் சாமித்தட்டில் விபூதிக்குப் பக்கத்தில் கிடந்தது, போகிறவர் வருகிறவர் எல்லோரும் தொட்டார்கள். மகள் குடும்பம் வேலை மாறி வேறு மாகாணத்துக் கல்கரிக்குப் போனபோது, பேத்தியின் பற்களைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று அண்ணையும் அக்காவும் கூடவே போய்விட்டார்கள்.

அவர்கள் வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. நல்ல சனம். போன கிழமை வடை கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்க்காமலே வாயில் போட்டுவிட்டு நல்லாயிருக்கு என்றார்கள். நான் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன், யாராவது அறுபத்தொன்று என்று சொல்ல மாட்டார்களா என்று.