என் முட்டிக்காக நடந்த உபவாச ஜெபம்

மூன்று மாதம் என் பெண்டாட்டியிடம் முட்டி வலி என்று பொய் சொன்னேன். வலி முட்டியில் இல்லை. அதற்கு ஒன்றரை அடி மேலே. (எங்கே என்று உங்களுக்கே புரிந்திருக்கும். அதை வாய்விட்டுச் சொல்ல வராமல்தான் இத்தனை கூத்தும்.)

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. பம்ப்செட் கம்பெனியில் சேல்ஸ். சிங்காநல்லூரில் வீடு. காலையில் பைக்கை எடுத்தால் பல்லடம், பொள்ளாச்சி, ஆனைமலை என்று கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். எங்கள் ஊர் மரியாதைதான் ஊருக்கே தெரியுமே. எந்தக் கடைக்குப் போனாலும், "வாங்க, உக்காருங்க, டீ சாப்பிடுங்க." ஒரு நாளைக்கு ஏழு டீ. குடித்த டீயை எங்கே இறக்கி வைப்பான் இந்த மனுசன் என்று ஒருத்தரும் யோசித்ததில்லை. நானும் கேட்டதில்லை. ஆர்டர் வாங்கப் போன இடத்தில், "பாத்ரூம் எங்கீங்க?" என்றா கேட்பது? அடக்கிக்கொண்டே வண்டி ஓட்டினேன். பதினாலு வருஷம்.

அப்புறம் எரிய ஆரம்பித்தது. மிளகாய்த் தண்ணி சொட்டுகிற மாதிரி. வண்டியில் உட்கார்ந்தால் அடியில் குத்தல். போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிஷம் மறுபடி முட்டும். ஆயிரம் அடி போர்வெல்லில் இருந்து தண்ணி தூக்கும் மோட்டாரை விற்கிறவன், நாலு சொட்டுக்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மெடிக்கல் ஷாப்பில் போய், "நீர்க்கடுப்புங்க" என்றேன், எனக்கே கேட்காத குரலில். கடைக்காரர் மாத்திரையை எடுத்தபடியே கண்ணைச் சிமிட்டினார். "வெளியூரெல்லாம் போற ஆளுங்களா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. முகம் தெரியாத இந்த ஆளே இப்படி நினைத்தால் என் பெண்டாட்டி ஸ்டெல்லா என்ன நினைப்பாள்? வாரத்தில் நாலு நாள் ஊர் சுற்றுகிற புருஷனுக்கு அந்த இடத்தில் வியாதி என்றால் எந்தப் பொம்பளைதான் சும்மா இருப்பாள்? நான் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் என் குடும்பம் ஒரே ஒரு கெட்ட நினைப்பில் போய்விடும் என்று பயந்து செத்தேன். டாக்டரிடம் போனால் ரிப்போர்ட் வரும், ரிப்போர்ட் வந்தால் வீட்டுக்குத் தெரியும். ஆகவே டாக்டரே வேண்டாம். மூன்று நாள் மாத்திரை போடுவேன், எரிச்சல் அடங்கும், நிறுத்திவிடுவேன். இரண்டு வாரத்தில் திரும்ப வரும், திரும்ப மூன்று நாள். அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணி குடிப்பதையும் குறைத்துக்கொண்டேன். (என்ன ஒரு மூளை!)

நான் காலை அகட்டி நடப்பதை ஸ்டெல்லா பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, காலுக்கு என்னாச்சுங்க?"

"முட்டி வலி அம்மணி."

அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் தைலம் காய்ச்சி என் முட்டியில் தேய்த்தாள். அது பாட்டுக்கு நன்றாக இருந்த முட்டி. அது போதாதென்று சபையில் ஜெப விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் பதினெட்டுப் பெண்கள் பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல் என் முட்டிக்காக அழுதார்கள். மூன்றாம் மாதம் பாஸ்டர் என்னை வாசலில் பிடித்துக்கொண்டார்.

"முட்டி இப்ப எப்படிங்க பிரதர்?"

இத்தனை பேர் பட்டினி கிடந்திருக்கிறார்கள், இன்னும் வலிக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? "நல்லாயிருச்சுங்க பாஸ்டர்."

"ஸ்தோத்திரம்! அப்ப ஞாயித்துக்கெழம மேல வந்து சாட்சி சொல்லிப்போடுங்க."

முடியாது என்று ஒருத்தர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. "சரிங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே காய்ச்சல். இரண்டு சொட்டுக்கு மேல் இறங்கவில்லை. ஸ்டெல்லா தேய்த்துக் கொடுத்த சந்தன நிறப் பேண்ட்டை மாட்டிக்கொண்டு மேடை ஏறினேன். முந்நூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்து, "கர்த்தர் என் முட்டியை..." என்று ஆரம்பித்தேனோ இல்லையோ, குளிர் தூக்கிப் போட்டது. பல் தந்தியடித்தது. மைக்கோடு சேர்ந்து கையும் ஆடியது.

"ஆவி இறங்குதுங்க!" என்றார் முன்வரிசையில் ஒரு அம்மா.

கீபோர்டு எகிறியது. நான் நடுங்க நடுங்க அல்லேலூயா ஏறிக்கொண்டே போனது. பாவம், அவர்கள்மேல் என்ன தப்பு? முட்டி சரியாகிவிட்டது என்று சொல்ல வந்தவன் அப்படி ஆடினால் யார்தான் காய்ச்சல் என்று நினைப்பார்கள்? பாஸ்டர் என் தோளைப் பிடித்துக் கத்தினார். "தடுக்காதீங்க பிரதர்! அப்படியே விட்டுருங்க!"

விட்டுவிட்டேன்.

சந்தன நிறத் துணியில் ஒன்றையும் மறைக்க முடியாது. கீபோர்டு நின்றது. அல்லேலூயா நின்றது. நான் மட்டும் நிற்க முடியாமல் மேடையிலேயே விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் யூராலஜி டாக்டர் செய்த விரல் பரிசோதனையை நான் விவரிக்கப் போவதில்லை. கல்ச்சர் ரிப்போர்ட் வந்த அன்று ஸ்டெல்லாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார். "மூத்திரப்பைக்கு அடியில புராஸ்டேட்னு ஒரு சுரப்பி இருக்குதுங்க. கிருமி அங்க குடியேறிப் போச்சு. மூணு மூணு நாளா மாத்திரை போட்டு நீங்களே அதை மருந்துக்குப் பழக்கி விட்டிருக்கீங்க. இனி ஆறு வாரம், ஒரு வேளை விடக் கூடாது. தண்ணி குடிங்க, அடக்காதீங்க, வலிச்சா வெந்நீர்த் தொட்டியில உக்காருங்க. ஒரேயடியா போயிரும்னு சொல்ல மாட்டேன். திரும்ப வந்தா, கடைக்குப் போகாம இங்க வாங்க."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது வந்துங்க டாக்டர்... கெட்ட பழக்கத்துல வர்றதுங்களா?" என்றேன். ஸ்டெல்லா காதில் விழட்டும் என்றே கேட்டேன்.

"உங்களுக்கு வந்தது சாதாரணக் குடல் கிருமிங்க. யாருக்கு வேணா வரும்."

அப்பாடா என்று வெற்றியோடு அவள் பக்கம் திரும்பினேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"நான் சந்தேகப்படுவேன்னா மறைச்சீங்க? இத்தன வருசத்துல என்னைப் பத்தி இதுதானுங்களா நெனச்சு வெச்சிருந்தீங்க? உங்க முட்டிக்காக மூணு மாசம் முட்டி போட்டேங்க. இப்ப எனக்குத்தான் முட்டி வலி."

டாக்டர் ரிப்போர்ட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. சந்தேகப்பட்டது நான்தான், அவளை. அன்றைக்கு எனக்கு என்மேல் வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

வியாதியும் போகவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை தலை காட்டும். இப்போது எந்தக் கடையில் ஏறினாலும் முதல் கேள்வியே பாத்ரூம்தான். மானம் மேடையிலேயே போய்விட்டது, இனி என்ன? மறுபடி சபைக்குப் போன அன்று பைக் நிறுத்துகிற இடத்தில் மூன்று பெரிய மனுசர்கள், தனித்தனியாக, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். "அந்த டாக்டர் எங்க இருக்காருங்க? எனக்கும் முட்டியிலதானுங்க..."

ஸ்டெல்லா என்னோடு நன்றாகத்தான் இருக்கிறாள். சிரிக்கிறாள், சோறு போடுகிறாள், ஜெபமும் பண்ணுகிறாள். ஆனால் நான் சொல்வதை நம்புவதில்லை. போன மாதம் கடைவாய்ப் பல் வலி தாங்காமல் கன்னம் வீங்கிப் பல் டாக்டரம்மாவிடம் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா முந்திக்கொண்டாள்.

"பல்லுன்னுதான் சொல்றாருங்க டாக்டர். எதுக்கும் கீழயும் ஒருக்கா பாத்துப்போடுங்க."