குறையார் கண்டறிந்த குலுக்கல்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. இரண்டிலும் என்ன குறை என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டபோது குறையாரைக் கண்டுபிடித்தது.

பீங்கான் கோப்பைத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவர் அவர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்ற இடங்களில் எல்லாம் குறையார்தான். ஒரு கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் அவர் ஒரு திருப்புத் திருப்பினால் போதும், கோப்பைக்கே தன்மேல் நம்பிக்கை போய்விடும்.

அப்பேர்ப்பட்டவருடைய கார் குலுங்கத் தொடங்கியது. காலமெல்லாம் கிளட்ச் மிதித்து ஓட்டியவர், போன மாதம்தான் பழைய ஆட்டோமேடிக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். கியர் போட வேண்டாம், கிளட்ச் மிதிக்க வேண்டாம், எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். பார்த்துக்கொண்டது. புறப்படும்போது ஓர் உதறல், வேகமெடுத்தால் ஒரு வெட்டு, சிக்னல் தாண்டினால் காய்ச்சல்காரனைப் போல நடுக்கம்.

"இது ஆட்டோமேடிக் இல்லீங்க, ஆட்டமேடிக்," என்றாள் மனைவி, கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே. "திங்கட்கிழமைலேர்ந்து நான் பேங்குக்கு பஸ்ல போயிடறேன்."

வண்டியின் உதறல் இப்போது அவருக்கும் தொற்றியது. வீட்டில் அவர் வாயைத் திறந்தால் மனைவிக்கு அடுப்பு நினைவுக்கு வந்துவிடும். அலுவலகத்தில் கேட்பவர்கள் சம்பளத்துக்குக் கேட்பவர்கள். பெல்ட் போட்டு உட்கார்ந்து, எழுந்து போக வழியில்லாமல் அவர் பேச்சைக் கேட்கும் ஒரே ஜீவன் காலையில் அந்தக் காரில்தான் கிடைத்தது. அதுவும் பஸ் ஏறிவிட்டால், அப்புறம் பேசுவது யாரிடம்?

எனவே ‘விசாரணை’ முழு வீச்சில் நடந்தது. முதல் குற்றவாளி பெட்ரோல். அடுத்தது சாலை. அதற்கும் அடுத்தது, "நீ ஏறி உட்கார்ற விதம்" என்றார் மனைவியிடம்.

"நான் உட்கார்ந்தா வண்டி நடுங்குதா?"

"அப்படிச் சொல்லல. எடையும் ஒரு காரணியா இருக்கலாம்னு..."

"நடுங்க வேண்டியது வண்டியில்ல."

போதிய ஆதாரம் இல்லாததால் அந்தக் குற்றச்சாட்டு உடனடியாகத் திரும்பப் பெறப்பட்டது.

மெக்கானிக் தன் பங்குக்கு பிளக்கை மாற்றினார், கியர் ஆயிலை மாற்றினார், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினார். கடைசியில் ஒரு கருவியைப் பொருத்திப் பார்த்தார்.

"மிஷின் ஒரு குறையும் காட்டல சார்."

"சரியாக் கேட்டீங்களா?"

"கேக்க வேண்டாம் சார், அதுவே சொல்லும்." அவரே தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "நான் ஓட்டினா வெண்ணெய் மாதிரி போகுதே."

"உங்களைப் பார்த்துப் பயப்படுது."

"இருக்கலாம் சார். நிறைய வண்டியக் கழட்டியிருக்கேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் பின்னால் ஹாரன் சத்தம். ஸ்கூட்டர்க்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, "அண்ணே, பின்னாடி சிவப்பு விளக்கு அணையவே மாட்டேங்குது," என்றார்.

"தரமான பல்பு," என்றார் குறையார்.

கெடு முடியும் ஞாயிறன்று, விஞ்ஞானம் கைவிட்ட நிலையில், அவர் டயரை ஓங்கி ஓர் உதை விட்டார். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கால் பெருவிரல் எலுமிச்சம்பழம் ஆனது. கட்டுப் போட்டார்கள். தொழிற்சாலைக்கு இரண்டு நாள் விடுப்பு. மனைவிக்கு மட்டும் விடுப்புத் தரவில்லை. திங்கட்கிழமை, "இன்னிக்கு ஒரு நாள் வந்து பாரு," என்று கெஞ்சி ஏற்றிக்கொண்டு, கட்டுப் போட்ட காலை ஓரமாக நீட்டி வைத்து ஓட்டினார்.

வண்டி ஏரியில் விட்ட படகைப் போலப் போயிற்று.

"பார்த்தியா? ஒரே உதை," என்றார். இந்தச் சிகிச்சைக்கு ‘தாக்கமுறைச் சீரமைப்பு’ என்று பெயரிட்டு மெக்கானிக்குக்கும் தொலைபேசியில் பாடம் எடுத்தார். செவ்வாயும் புதனும் அதே சுகம். மனைவி கழுத்துப் பட்டையைக் கழற்றி வைத்தாள்.

வியாழக்கிழமை கட்டைப் பிரித்தார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் கார் பழையபடி உதறியது.

"இன்னொரு உதை தேவைப்படுது போல," என்று வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தார்.

"இருங்க," என்றாள். குனிந்து பார்த்தாள். "அந்தக் கால் அங்க என்ன பண்ணுது?"

இடது கால் பிரேக்கின்மேல் கம்பீரமாக வீற்றிருந்தது. கிளட்ச் என்ற பதவி ஒழிக்கப்பட்ட பிறகு சும்மா இருக்கத் தெரியாமல், பக்கத்து மேசைக்குப் போய்ப் பொறுப்பேற்றுக்கொண்டிருக்கிறது. வலது கால் ‘போ’ என்கிறது, இடது கால் ‘பொறு’ என்கிறது. இருவருக்கும் கீழ்ப்படிந்த வண்டிக்கு உதறலைத் தவிர வேறு வழி இல்லை.

"மிதிக்கலம்மா. சும்மாதான் வச்சிருந்தேன்."

"நீங்க சும்மா வச்சதுக்கா எனக்குக் கழுத்துப் பட்டை? இறங்குங்க."

அவள் ஓட்டினாள். சத்தமில்லை, நடுக்கமில்லை. பக்கத்து இருக்கையில் குறையார் ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே விரித்திருந்த மிதியடியை அழுத்திக்கொண்டே வந்தார்.

"தாராளமா மிதிங்க, அங்க ஒண்ணும் கிடையாது," என்றாள். "ஏன் பேச்சைக் காணோம்? தினம் ஏதாவது சொல்லுவீங்களே, சொல்லுங்க. பஸ்ஸெல்லாம் வேண்டாம், இனிமே நான் ஓட்டறேன், நீங்க பேசிட்டு வாங்க."

கேட்க ஆள் நிலைத்துவிட்டது. அன்றைக்குப் பார்த்துப் பேச்சுதான் வரவில்லை.

தொழிற்சாலை வாசலில் ஃபோர்மேன் காத்திருந்தார். கோப்பைகளைக் கேமரா கண்ணால் தானே சோதிக்கும் புது இயந்திரம் வந்து ஆறு மாதம் ஆகிறது. அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு, நிறுத்தும் பொத்தானின்மேல் கை வைத்து ‘மேற்பார்வை’ பார்ப்பதுதான் இப்போது குறையாரின் உத்தியோகம்.

"சார், நீங்க லீவுல இருந்த ரெண்டு நாளும் லைன் நிக்காம ஓடிச்சு. நேத்துலேர்ந்து பழையபடி நின்னு நின்னு இழுக்குது. என்ன குறைன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

குறையார் நாற்காலியில் அமர்ந்தார். கை தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. அந்தக் கையைப் பார்த்தார். இத்தனை வருட சேவையில், வெளிச்சத்தில் காட்டாமல், திருப்பிப் பார்க்காமல், ஒரே பார்வையில் அவர் கண்டுபிடித்த முதல் குறை அதுதான்.

பிறகு பேனாவைத் திறந்து, ‘மின்சாரத்தில் ஏற்ற இறக்கம்’ என்று அறிக்கை எழுதினார்.